பென்சில் புள்ளி வைத்த இடம்

பிடோக், சிங்கப்பூர்
3 ஆகஸ்ட்

அன்புள்ள வர்ஷாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நல்ல சுகம், அப்பாவின் முட்டி வலிகூட இந்த மாதம் லீவு போட்டிருக்கிறது, டப்ளினில் நீயும் சளி காய்ச்சல் இல்லாமல் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க முருகன் துணை. தினமும் வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசுகிற அம்மா எதற்குத் தபால் தலை ஒட்டிக் கடிதம் போடுகிறாள் என்று பயந்துபோயிருப்பாய். பயப்படாதே, யாருக்கும் ஒன்றும் இல்லை. போனில் சொன்னால் பாதியிலேயே நீ சிரித்துவிடுவாய், அல்லது நான் சிரித்துவிடுவேன், விஷயம் முழுதாக வந்து சேராது. இன்னொரு காரணமும் உண்டு. இந்த உறைக்குள் மடித்து வைத்த தாள் ஒன்று இருக்கிறது, கடிதத்தை முடித்த பிறகுதான் அதைப் பிரிக்க வேண்டும். இப்போதே பிரிக்கப் போகிறாய் என்று எனக்குத் தெரியும், கையை எடு.

முதலில் ஒரு பொய்யை ஒப்புக்கொள்கிறேன். ஒன்றரை வருஷமாக செவ்வாய், வியாழன் சாயங்காலங்களில் நீ கூப்பிட்டபோதெல்லாம் கோயிலில் இருக்கிறேன் என்று சொன்னேன் அல்லவா, நான் கோயிலில் இல்லை. ஒரு தடவை, பின்னால் யாரோ ஆங்கிலத்தில் பேசுகிறாரே என்று நீ கேட்டாய், டூரிஸ்ட்டுகள் வந்திருக்கிறார்கள் என்று கூசாமல் சொன்னேன். அவர் என் லெக்சரர். ஆமாம் கண்ணு, உன் அம்மா பகுதி நேரமாக டிஜிட்டல் மார்க்கெட்டிங் டிப்ளோமா படித்துக்கொண்டிருக்கிறாள். ஐம்பத்து மூன்று வயதில், முதல் வரிசையில், மூக்குக் கண்ணாடியும் தண்ணீர் பாட்டிலுமாக. முருகனிடம் தனியாக மன்னிப்புக் கேட்டுவிட்டேன், உன்னிடம் இப்போது கேட்கிறேன். டாக்டர் ஓய்வு பெற்றுக் கிளினிக்கை மூடியபோது நீ என்ன சொன்னாய், 'பதினெட்டு வருஷம் கவுண்டர்ல நின்னாச்சு, இனிமே ரெஸ்ட் எடுங்கமா' என்று சொல்லிக் கால் பிடித்துவிடும் மெஷின் வாங்கி அனுப்பினாய். அன்பாகத்தான் சொன்னாய். நானும் ரெஸ்ட் எடுத்துப் பார்த்தேன், மூன்று வாரம் தாங்கினேன். நாலாவது வாரம் உன் அலமாரியைத் தூசி தட்டப் போனவள் உன் பழைய மார்க்கெட்டிங் புத்தகத்தைக் கையில் எடுத்தேன், அப்படியே தரையில் உட்கார்ந்து நாற்பது பக்கம் படித்துவிட்டேன், அடுப்பில் பருப்பு அடிப்பிடித்துவிட்டது. ஏழாவது பாடத்தின் ஓரத்தில் நீ ஒரு தூங்குகிற முகம் வரைந்து வைத்திருக்கிறாய். எனக்கு அந்தப் பாடம்தான் ரொம்பப் பிடித்தது. உனக்கு ஏன் சொல்லவில்லை என்றால், தோற்றுப்போனாலும் உனக்குத் தெரியாமலே தோற்றுப்போகலாம் என்றுதான். கால் மெஷின் மேல் இப்போது மடித்த துணி இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதே.

படிப்பெல்லாம் நன்றாகத்தான் போனது, கடைசியில்தான் சிக்கல். பத்து வாரம் ஏதாவது ஒரு கம்பெனியில் இன்டர்ன்ஷிப் செய்தால்தான் டிப்ளோமா கையில் கொடுப்பார்கள், இடத்தை நாமே தேடிக்கொள்ள வேண்டும், ஆகஸ்ட் 28க்குள் கையெழுத்தான படிவம் கொடுக்காவிட்டால் அடுத்த வருஷம் வரை காத்திருக்க வேண்டும். அடுத்த வருஷம் எனக்கு இந்தத் தைரியம் இருக்குமா என்பது எனக்கே தெரியவில்லை. சரி என்று ரெஸ்யூமே எழுத உட்கார்ந்தேன். நான் வாழ்நாளில் எழுதிய ஒரே பயோடேட்டா உன் அத்தைக்கு மாப்பிள்ளை தேடியபோது எழுதியதுதான், கை தானாக அந்த வழியிலேயே போய்விட்டது. தகப்பனார் பெயர், கணவர் பெயர், கணவர் உத்தியோகம் பஸ் கேப்டன், ஒரே மகள் வெளிநாட்டில் நல்ல வேலையில், சொந்த வீடு நாலு அறை, நல்ல குணம், நோய் நொடி இல்லை என்று ஒரு பக்கம் நிரப்பி, பட்டுப் புடவையில் நிற்கிற போட்டோவும் ஒட்டி ஒன்பது கம்பெனிகளுக்கு அனுப்பிவிட்டேன் வர்ஷா, ஒன்பது! நட்சத்திரம் ஒன்றைத்தான் விட்டிருந்தேன். என்னோடு படிக்கிற லீலா, உன்னைவிட மூன்று வயது சின்னவள், அதைப் பார்த்துவிட்டு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். 'ஆன்ட்டி, இத பாத்தா வேலைக்குக் கூப்பிட மாட்டாங்க லா, பொண்ணு பாக்கத்தான் வருவாங்க' என்றாள். பிறகு இருவரும் உட்கார்ந்து எல்லாவற்றையும் அழித்தோம். செய்த வேலைகளை மட்டும் எழுதுங்கள் என்றாள். ஒரு நாளைக்கு எண்பது நோயாளிகள், நான்கு மொழியில் சமாளித்தது, வரிசையில் சண்டை வராமல் பார்த்துக்கொண்டது, மருந்து மாறிப்போகாமல் கொடுத்தது என்று எழுதினேன். படித்துப் பார்த்தபோது யாரோ கெட்டிக்காரி மாதிரி இருந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

மொத்தம் முப்பத்து நாலு இடத்துக்கு அனுப்பினேன். ஆறு பதில் வந்தது, ஆறிலும் முதல் வரியிலேயே அன்ஃபார்ச்சுனேட்லி. அந்தச் சொல்லை இப்போது தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொள்வேன். மற்றவர்களில் அநேகம் பேர் அதைச் சொல்லக்கூட மெனக்கெடவில்லை. கண்ணு, அப்போதுதான் எனக்கு உன் ஞாபகம் வந்தது. நீ இரண்டாம் வருஷம் படிக்கும்போது இதே மாதிரி இன்டர்ன்ஷிப்புக்கு எழுதி எழுதிப் போட்டுவிட்டு, ஒரு நாள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாய். நான் வெளியே நின்றுகொண்டு, எல்லாரும் செய்வதுதானே, இதற்கா அழுவார்கள், தோசை ஆறுகிறது என்று கத்தினேன். நான் கதவைத் தட்டி உள்ளே வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். இத்தனை வருஷம் கழித்து, இருபத்தேழாவது தடவை பதில் வராதபோதுதான் எனக்கு அது உறைத்தது. மன்னித்துவிடு. உன் அப்பா மட்டும் அன்று கதவைத் தட்டினார், இப்போதும் அவர்தான் தட்டினார். பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு வந்து சீருடையைக்கூட மாற்றாமல் சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்து என்னை இன்டர்வியூ செய்வார். ஐந்து வருஷத்தில் உங்களை எங்கே பார்க்கிறீர்கள் என்று தாளைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டார். இதே பிடோக்கில்தான், வேறு எங்கே போவது, வீட்டுக் கடன் இப்போதுதானே முடிந்தது என்றேன். 'நீ தேறமாட்டே உமா' என்று தாளைக் கீழே வைத்துவிட்டார்.

முப்பத்து நாலில் ஒன்று, ஒரே ஒன்று, கூப்பிட்டது. ஜாலான் புசாரில் ஒரு இரும்புச் சாமான் கடைக்கு மேல் மாடியில் ஏழு மணி மசாலா என்று ஒரு சின்ன கம்பெனி, ஏழு மணிக்கு வேலை விட்டு வந்து சமைக்கிறவர்களுக்காகச் சாம்பார் பொடி, குழம்புப் பொடி, இட்லிப் பொடி என்று விற்கிறார்கள். அவர்கள் சாம்பார் பொடியை வாங்கி ஞாயிற்றுக்கிழமை சமைத்தே பார்த்துவிட்டுத்தான் போனேன். கிளம்பும்போது அப்பா, 'ஒரு இடத்துக்கு மொத மொத போறே, வெறுங்கையோடவா போவே?' என்று கேட்டார். அது நியாயம்தானே என்று அவசரத்தில் வீட்டில் இருந்ததை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அமலா என்கிற அந்தப் பெண் முதலாளி, முப்பது வயதுகூட இருக்காது, அவளும் ரியாஸ் என்று அவளுடைய தொழில் கூட்டாளியும் எதிரே உட்கார்ந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் சுவர் முழுக்க இட்லிப் பொடிப் பாக்கெட். அப்போதுதான் எனக்கு உறைத்தது, என் பைக்குள் இருப்பதும் இட்லிப் பொடி. பொடி விற்கிற கம்பெனிக்கு இன்டர்வியூ போகிறவள் தன் வீட்டுப் பொடியைக் கொண்டுபோயிருக்கிறேன் வர்ஷா! சரி, வெளியே எடுக்காமலே வந்துவிடலாம் என்று பையை மடியில் அமுக்கிப் பிடித்தேன், அமுக்கியதில் பொடி பாட்டிலின் மூடி திறந்துகொண்டது. அறை முழுக்கப் பூண்டு வாசனை. ரியாஸ் மூக்கை உயர்த்தி, ஏசியில் ஏதாவது கோளாறா என்று பார்த்தார். வேறு வழியில்லாமல் பாட்டிலை எடுத்து மேசை மேல் வைத்து நடந்ததைச் சொன்னேன். அப்புறம் அமலா சிரித்த சிரிப்பில் கீழே கடைக்காரர் மேலே எட்டிப் பார்த்தார்.

சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'அப்ப எங்க பொடி எப்படி இருக்குனு நீங்களே சொல்லுங்க' என்றாள். பொய் சொல்ல வரவில்லை. பொடி நல்ல பொடி, ஆனால் என் சாம்பார் உப்புக் கரித்தது, பொடியிலேயே உப்பு இருப்பது எனக்கு எப்படித் தெரியும், பாக்கெட்டின் பின்னால் உங்கள் கம்பெனி பிறந்த கதை பதினொரு வரி இருக்கிறது, எத்தனை கரண்டி போட வேண்டும் என்று ஒரு வரி இல்லை என்றேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் அமலா பேனாவை நீட்டினாள், நீங்களாக இருந்தால் எப்படி எழுதுவீர்கள் என்று. கிளினிக்கில் நான் மருந்துப் பைகளில் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும், எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமாருக்குக் காலைக்குச் சூரியன், இரவுக்கு நிலா, எத்தனை மாத்திரையோ அத்தனை வட்டம். அதே மாதிரி ஒரு டம்ளர் பருப்பு, இரண்டு கரண்டி பொடி, உப்புக்குப் பக்கத்தில் பெரிய பெருக்கல் குறி என்று வரைந்து காட்டினேன். ரியாஸ் அதைப் போனில் படம் எடுத்தார். பதினெட்டு வருஷமாக நான் செய்துகொண்டிருந்த ஒரு வேலையை யாரோ படம் எடுக்கிறார் என்பதை என்னால் நம்பவே முடியவில்லை. வெளியே வந்து, எம்ஆர்டி ஸ்டேஷனைத் தாண்டி நடந்துபோய்விட்டுத் திரும்பி வந்தேன்.

ஐந்தாம் நாள், தேக்கா சந்தையில் மீன் வெட்டக் கொடுத்துவிட்டு நிற்கிறேன், போன் அடித்தது. 'ஆன்ட்டி, சாரி, உமா, செப்டம்பர்லேர்ந்து வர முடியுமா? தீபாவளி சீசனுக்கு நீங்க இருந்தா நல்லாருக்கும்' என்றாள் அமலா. நான் போட்ட சத்தத்தில் மீன்காரர் கத்தியைக் கீழே போட்டுவிட்டார். அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன், செதிலோடு! என்ன ஆன்ட்டி, லாட்டரியா என்று பக்கத்துக் கடைக்காரர் கேட்டார், இல்லை, இன்டர்ன்ஷிப் என்றேன், அவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் கைதட்டினார். மீனை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன், அப்பா போய் வாங்கி வந்தார். அன்று அவர் மீனைப் பொரிக்கும்போது பாட்டு வேறு பாடினார். அந்தச் சுருதியைப் பற்றி எழுதாமல் விடுகிறேன்.

சரி, இப்போது அந்தத் தாளைப் பிரி. அது என் இன்டர்ன்ஷிப் சம்மதப் படிவம். பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கும் எனக்கும் ஒரே படிவம்தான், அதனால் அடியில் குடும்பத்தார் கையெழுத்து என்று ஒரு கட்டம் இருக்கிறது. காலேஜில் இதைப் பார்த்துக்கொள்கிற இருதயராஜ் சார், உங்களுக்கு அது தேவையில்லை, காலியாக விடுங்கள் என்றார். அப்பா பேனாவோடு தயாராக நின்றார். நான்தான் தாளைப் பிடுங்கிக்கொண்டேன். விலங்குத் தோட்டம், நீச்சல், முகாம், மலாக்கா பயணம் என்று உனக்கு நான் எத்தனை படிவத்தில் கையெழுத்துப் போட்டிருப்பேன், எல்லாம் காலை ஆறரைக்கு, லிஃப்ட் வாசலில், உன் முதுகில் தாளை வைத்து, ஒன்றைக்கூடப் படிக்காமல். நீ எங்கே போக ஆசைப்பட்டாலும் போகட்டும் என்று போட்ட கையெழுத்துகள் அவை. டப்ளின் வரைக்கும் போய்விட்டாய். இப்போது அம்மாவுக்கும் ஒரு இடத்துக்குப் போக ஆசையாக இருக்கிறது.

பென்சிலால் புள்ளி வைத்த இடத்தில் போடு. உறவுமுறை என்கிற இடத்தில் மகள் என்று நானே எழுதிவிட்டேன். திருப்பி அனுப்ப உறையும் வைத்திருக்கிறேன், 28ஆம் தேதிக்குள் வந்து சேர வேண்டும், உன்னை மாதிரியே கடைசி நேரத்தில் நீட்டுகிறேன் என்று திட்டாதே. மழையில் குடை எடுத்துப் போ, இரவில் வெறும் சீரியல் சாப்பிட்டுப் படுக்காதே, தலையை ஈரத்தோடு விடாதே. எல்லா நலமும் பெற்று நீ நன்றாக இருக்க எங்கள் இருவரின் ஆசீர்வாதம். அப்பா அன்பைச் சொல்லச் சொன்னார்.

நீ படித்துப் பார்க்காமலே போட்டாலும் சரி.

உன் அம்மா,
உமாமகேஸ்வரி கதிரேசன்
மார்க்கெட்டிங் இன்டர்ன்
(நீ கையெழுத்துப் போட்டால்)