பதினேழாம் சீட்டு

என் பிடிவாதக்காரத் தோழிக்கு,

இன்று வாய்மொழித் தேர்வில் உன் மகள் ரலித்சா குலுக்கி எடுத்தது பதினேழாம் வினாச்சீட்டு. ஒரு மதிப்பெண்ணை விட்டுக்கொடுத்தால் வேறு சீட்டு எடுக்கலாம் என்றேன்.

"வேண்டாம் மேடம், இதுவே போதும்."

என் பாடநூலில் உள்ள நிரூபணத்தைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டே வந்தவள், நான்காம் வரியில் நின்றாள். "இந்த வரி தப்பு மேடம். சரி பண்ணட்டுமா?" சரிசெய்தும் காட்டினாள்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் தப்பென்று நீ காட்டியதும் அதே வரிதான். நான் கத்திய கத்தலில் நீ சோஃபியா நகரை விட்டே போனாய்.

"அம்மா சொல்லிக்கொடுத்தாங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல மேடம். உங்ககிட்டதான் படிக்கணும்னு மட்டும் சொன்னாங்க."

ஆறுக்கு ஆறு போட்டேன். அடுத்த பதிப்பில் அந்த வரிக்குக் கீழே இரண்டு பெயர்கள் இருக்கும், முதலில் உன்னுடையது, அடுத்து ரலித்சாவுடையது. ஆனால் அவள் என் மாணவி. பெருமையில் என் பாதியை விட்டுத்தர மாட்டேன்.

இப்படிக்கு,
நான்காம் வரிக்காரி