ஐந்து போட்டோக்களில் பாப்பா

பம்பாய், 12.8.1971

அன்புள்ள முத்தழகுக்கு,

நீயும் பாப்பாவும் சுகம்தானே? மாமாவுக்கு இருமல் குறைந்ததா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பழைய கிரேக்கப் புராணப் படம் ஒன்று பார்த்தேன். எலும்புக்கூட்டுப் பொம்மைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்வையும் தனித்தனியாகப் படமெடுத்திருக்கிறார்கள். அவை வெட்டி வெட்டி இழுத்தபடி வாள் வீசின. கொட்டகையே சிரித்தது. என் அறையில் தங்கியிருக்கும் சிங்கம்புணரி சேவுகன், "ஏப்பா, எல்லாரும் சிரிக்கிறாக, நீ ஏன் எழவு வீட்டுல உக்காந்த மாதிரி இருக்கே?" என்றான். தந்திரம் மோசமில்லை, இடையில் இன்னும் சில படங்கள் எடுத்திருந்தால் உயிர் வந்திருக்கும் என்றேன்.

அறைக்கு வந்து, நீ அனுப்பிய பாப்பாவின் ஐந்து போட்டோக்களையும் அடுக்கி விரலால் வேகமாகப் புரட்டினேன். கவிழ்ந்தாள், உட்கார்ந்தாள், உடனே எழுந்து நின்றுவிட்டாள். திருஷ்டிப் பொட்டு கன்னம் விட்டுக் கன்னம் தாவியது. அவள் பிறந்தபின் நான் பார்த்ததெல்லாம் இவ்வளவுதான்.

அடுத்த போட்டோவில் பொட்டை இடது கன்னத்திலேயே வை. பருப்புப்பொடி கொஞ்சம் அனுப்பு. தீபாவளிக்கு லீவு கேட்டிருக்கிறேன், மேனேஜர் இன்னும் பதில் சொல்லவில்லை. அதற்குள் அவள் நடந்துவிட்டால் எனக்கு எழுதாதே. நான் வந்து பார்ப்பதே முதல் நடையாக இருக்கட்டும்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

கதிரேசன்