சிவப்பு வண்டியில் வேற்று எஞ்சின்

நவம்பர் 3

தோட்டத்து டிராக்டர் இன்று செத்தது. இலை வாரிக்கொண்டிருந்தேன். உள்ளே யாரோ சுத்தியலால் அடித்தது போல நாலு சத்தம், பிறகு மூச்சுப் பேச்சில்லை. என் புருஷன் ரெய்னோ ஜன்னல் வழியாகவே, "ராடு போச்சு! எஞ்சினே போச்சு!" என்று கத்தினான். அவனுக்குத் தோள்பட்டை உடைந்து ஒரு கை தொங்குகிறது. வாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

டிராக்டர் இல்லாவிட்டால் அதன் முன்னால் மாட்டும் பனி தள்ளும் மெஷினும் வெறும் இரும்பு. வீட்டிலிருந்து ரோடு வரை நீண்டு கிடக்கும் பாதை, ஏரிக் காற்றோடு வரும் பனி விழ ஆரம்பித்தால் மூடிக்கொள்ளும். டிசம்பர் முதல் வாரம் மகள் கிர்ஸ்டிக்குப் பிரசவம்.

நவம்பர் 4

கிர்ஸ்டி காலையில் சொல்லிவிட்டாள். "அம்மா, இந்த மாசக் கடைசி நன்றித் திருநாளுக்குள்ள வண்டி ஓடலேன்னா நான் டுலூத்துக்குப் போயிடறேன். அத்தை வீடு ஆஸ்பத்திரிக்கு எதிர்லயே இருக்கு. பனியில மாட்டிக்கிட்டு இந்தச் சமையல்கட்டுல பெத்துக்க எனக்குத் தைரியம் இல்ல."

அவள் புருஷன் கர்ட்டிஸ் இரும்புத்தாது ஏற்றும் கப்பலில் இருக்கிறான். ஜனவரியில் கப்பல் போக்குவரத்து நின்றால்தான் கரைக்கு வருவான். அவள் சொல்வது நியாயம்தான். ஆனால் அந்தச் சம்பந்தியம்மா இப்போதே தொட்டில் வாங்கிப் போட்டுவிட்டாளாம். கேட்டதும் வயிறு எரிந்தது. என் மகளுக்கு வலி வரும்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

நவம்பர் 7

இந்த டிராக்டரின் எஞ்சின் இப்போது செய்வதே இல்லை. பக்கத்து ஊர் ஹான்காக்கில் ஒருவரிடம், தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் மெஷினிலிருந்து கழற்றிய எஞ்சின் இருந்தது. அதே பலம், வேறு கம்பெனி. எடுத்து வந்துவிட்டேன்.

ரெய்னோ முகத்தில் ஈயாடவில்லை. "சிவப்பு வண்டியில அவனுங்க எஞ்சினா? வெர்ன் பார்த்தா சிரிச்சே செத்துடுவான்."

"சாகட்டும். இந்தப் பக்கம் பிடி."

"எந்தக் கையால?"

வெர்ன் பக்கத்து வீட்டுக்காரன். அவனிடம் இருப்பது வேறு நிற டிராக்டர், அதில் ஓடுவது இந்தப் புது எஞ்சினின் கம்பெனி. இருவரும் ஒருவர் வண்டியை ஒருவர் பழிக்காமல் ஒரு நாளும் விடிந்ததில்லை.

நவம்பர் 11

புது எஞ்சின் குள்ளம். பெல்ட் நேராக வரவில்லை. அடியில் இரும்புப் பட்டை வைத்து உயர்த்தினேன், பெல்ட் நேரானது. இப்போது மூடி மூடவில்லை. மூடியை ரம்பத்தால் அறுத்தேன். ரெய்னோ பார்க்க முடியாமல் உள்ளே போய்விட்டான்.

நவம்பர் 14

ஒயர் வேலை. எஞ்சினுக்குப் போகும் ஒயர் ஒன்றை எங்கே மாட்டுவது என்று எனக்குச் சந்தேகம். ரெய்னோ நாற்காலியில் இருந்தபடி, "சாவியிலேர்ந்து இந்த ஒயர் எஞ்சினுக்குத்தான் போகும். நான் இந்த வண்டியை ராத்திரி தூக்கத்துலகூடக் கழட்டி மாட்டுவேன். மாட்டு!" என்றான். மாட்டினேன். சாவியைத் திருப்பினேன். சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பற்றவே இல்லை. பிளாஸ்டிக் கருகின வாசனை.

தூக்கத்துல கழட்டுவானாம்!

நவம்பர் 15

மான் வேட்டை தொடக்கம். பள்ளிக்கூடம் லீவு, மெக்கானிக் கடை பூட்டு. ஊரில் ஓர் ஆண் கிடையாது, என் வீட்டில் உட்கார்ந்து முனகும் ஒற்றைக் கையன் தவிர.

நவம்பர் 18

கணுக்கால் வரை பனி. கிர்ஸ்டி பெட்டியை எடுத்துக் கட்டில் மேல் வைத்தாள், அவ்வளவுதான். எனக்குப் பொறுக்கவில்லை. ரெய்னோவிடம்கூடச் சொல்லாமல் பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் வெர்ன் தங்கியிருக்கும் குடிசைக்கே போய்விட்டேன். வேட்டைக் குடிசைக்குப் பெண்கள் போவதில்லை. போனேன்.

சவரம் பார்க்காத நாலு பேர் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். வெர்ன் தலையை நிமிர்த்தினான். "டார்லா, பொம்பள காலடி பட்டா மான் வராதும்மா."

"இந்த நாத்தத்துக்கு மான் ஏற்கெனவே கனடா போயிருக்கும். எனக்கு உன் உதவி வேணும்."

நடந்ததைச் சொன்னேன். ஒயர் என்றதும் சீட்டைக் கீழே வைத்தான். "பழைய ஒயரை அப்படியே மாட்டிட்டானா?" மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "பழைய எஞ்சின் பாட்டரி கரண்ட் வந்தாத்தான் ஓடும். இந்தப் புதுசு தனக்கு வேண்டிய கரண்ட்டைத் தானே உண்டாக்கிக்கும். இதுல இருக்கற ஒயர் எஞ்சினை நிறுத்தறதுக்கு. அதுல போய் பாட்டரியைக் கொடுத்தா? தீப்பொறி குடுக்கற காயில் வெந்துபோச்சு, போ."

"காயிலுக்கு எங்க போவேன்? எல்லாக் கடையும் பூட்டு. என் பொண்ணு பெட்டி கட்டறா, வெர்ன்."

குரல் உடைந்துவிட்டது. அசிங்கமாக இருந்தது. நாலு ஆண்களும் தங்கள் சீட்டையே உற்றுப் பார்த்தார்கள்.

"என் விறகு பிளக்கிற மெஷின்ல இதே எஞ்சின்தான். கழட்டிக்க," என்றான் வெர்ன். "ஒரே ஒரு கண்டிஷன். ரெய்னோ போன் பண்ணி அவன் வாயால கேக்கணும்."

நவம்பர் 19

ரெய்னோ போனை ரொம்ப நேரம் கையிலேயே வைத்திருந்தான். கிர்ஸ்டி எதிரே வந்து, வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்தாள். அப்புறம் ஒரே மூச்சில், "வெர்ன், உங்க ஆளுங்க எஞ்சினுக்கு உன் காயில் வேணும். தப்பு என்னுது," என்றான். நாலு பேரின் சிரிப்பும் போனிலிருந்து அறை முழுக்கக் கேட்டது. வைத்துவிட்டு நேரே போய் சவுனாவில், அந்த நீராவிக் குளியல் அறையில், உட்கார்ந்துகொண்டான்.

வெர்ன் வீட்டு விறகு மெஷினிலிருந்து காயிலைக் கழற்றி வந்து மாற்றினேன். ஒயரை வெர்ன் சொன்னபடி மாட்டினேன். திருப்பினேன்.

ஓடுது! ஓடுது! பனியில் நின்று பைத்தியம் மாதிரி அழுதேன். சவுனாவிலிருந்து துண்டோடு ஓடிவந்தான் ரெய்னோ. "சத்தம் நல்லாத்தான் இருக்கு," என்றான். எவ்வளவு கஷ்டப்பட்டுச் சொன்னான், பாவம்.

நவம்பர் 27

நன்றித் திருநாள். கிர்ஸ்டி பெட்டியைப் பிரித்துத் துணிகளை மறுபடி அலமாரியில் அடுக்கினாள். வான்கோழி கொஞ்சம் தீய்ந்துவிட்டது. யார் கவலைப்பட்டார்கள்?

டிசம்பர் 6

நேற்று இருட்டும் நேரத்தில் வலி. வெளியே கண் தெரியாத பனிக்காற்று. நான் முன்னால் டிராக்டரில் தள்ளிக்கொண்டே போக, வெர்ன் பின்னால் பிக்கப்பில் கிர்ஸ்டியையும் ரெய்னோவையும் ஏற்றிக்கொண்டு வந்தான். பாதி வழியில் எஞ்சின் ஒருமுறை இருமியது. அடியே, இப்போ மட்டும் வேண்டாம், உனக்குப் புண்ணியமா போகும் என்று கெஞ்சினேன். பாதை முடிகிற இடத்தில், ரோட்டுப் பனியைத் தள்ளின அரசாங்க லாரி விட்டுப்போன பனிச்சுவர், என் இடுப்புயரம். மோதினேன், பின்வாங்கினேன், மோதினேன். திறந்தது. டிராக்டரை அங்கேயே விட்டுவிட்டு வண்டியில் ஏறினேன்.

பெண் குழந்தை. நான் கிர்ஸ்டி கையைப் பிடித்திருந்தேன். பிடித்திருந்தேன் என்ன, அவள்தான் என் விரல்களை நொறுக்கினாள். இன்னும் வலிக்கிறது.

அப்பாடா.

ஜனவரி 18

கர்ட்டிஸ் முந்தாநாள் கப்பலிலிருந்து வந்தான். குழந்தையைக் கையில் வாங்கியவன் கீழே வைக்கவே இல்லை. நல்ல பையன். இன்று மூவரும் டுலூத்தில் அவர்கள் வீட்டுக்குக் கிளம்பினார்கள்.

ராத்திரி முழுக்கப் பனி கொட்டியிருந்தது. "இன்னிக்குத் தள்ளாம விட்டா என்ன?" என்றான் ரெய்னோ, என்னைப் பார்க்காமல். நானும் அதைத்தான் நினைத்தேன். கொட்டகைக்குப் போய்ச் சாவியைத் திருப்பினேன். எத்தனையோ நாள் கெஞ்ச வைத்த வண்டி, இன்று ஒரே திருகில் கிளம்பிவிட்டது, சனியன்.

ஒழுங்காகத்தான் தள்ளினேன், கார் வழுக்காதபடி மண் தெரியும் வரை. கிர்ஸ்டி கண்ணாடியை இறக்கி, "மார்ச்சுல வர்றோம்மா. அப்பவும் பனி இருக்கும்," என்றாள். இருந்தால் என்ன, நான் இருக்கிறேன் என்றேன்.

கார் ரோட்டில் ஏறி மறைந்த பிறகு இன்னொரு தடவை பாதை முழுக்கத் தள்ளினேன். தள்ள ஒன்றுமே இல்லை.