பங்காளி என்று எழுதியது நீங்கள்தான்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நான் நலம், தையல் மெஷினும் நலம், உன் அம்மாவின் நலத்தைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போன் செய்தால் மீட்டிங்கில் இருக்கிறேன் அப்பா என்று வைத்துவிடுகிறாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

உங்கள் பல்கலைக்கழகம் நம் ஊரோடு சேர்ந்து ஆரம்ப சுகாதாரத்தை வளர்க்கப் போகிறது என்று நீதான் வந்து சொன்னாய். என் மகள் வேலை பார்க்கும் இடம் என்று நானும் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன். இப்போது நடப்பதைக் கேள். முன்பெல்லாம் நர்ஸம்மா காலையிலேயே சுகாதார நிலையத்தைத் திறந்துவிடுவார், புண்ணுக்குக் கட்டுப் போடுவார், பிரஷர் பார்த்து மாத்திரை கொடுப்பார். உங்கள் மாணவர்கள் வந்த பிறகு அவர்களை வீடு வீடாக அழைத்துப் போவதே அவருக்கு வேலை, கதவில் பூட்டு. அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பது உனக்குத் தெரியும், குதிகாலில் புண் வந்தது தெரியாது. வந்த பிள்ளைகளெல்லாம் என்ன சாப்பிடுகிறீர்கள், செருப்புப் போடுவீர்களா என்று கேட்டார்கள், காலைப் படம் எடுத்தார்கள், ஒருவரும் அதன்மேல் பஞ்சு வைக்கவில்லை. கேட்டால் நாங்கள் ஆய்வுக்கு வந்தவர்கள் அங்கிள், நிலையத்துக்குப் போங்கள் என்கிறார்கள். நிலையத்தைத் திறக்க வேண்டியவர் அந்தப் பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார். உன் அம்மா இதற்கும் சிரிக்கிறாள், நான் போகாத ஊருக்கெல்லாம் என் காலு போயிருச்சு என்கிறாள். உன் காதுக்கு விஷயம் போகக் கூடாது என்று எனக்கு உத்தரவு வேறு, புள்ள வேலைக்குக் கேடு வந்துருமாம்.

நேற்று பள்ளிக்கூட ஹாலில் கூட்டம். மேடையில் பெரிய பேனர், பல்கலைக்கழகமும் ஊர் மக்களும் சுகாதாரத்தில் பங்காளிகள் என்று. எந்தப் புண்ணியவான் எழுதினானோ. பங்காளி என்றால் நம் வீட்டில் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியாதா, ஒரு நடுச்சுவருக்காக உன் சித்தப்பாவும் நானும் முகம் பார்த்துப் பேசி எவ்வளவு காலமாகிறது. உங்கள் பேராசிரியர் ஏதாவது கேட்க வேண்டுமா என்றார், நான் எழுந்தேன். "பங்காளின்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க, அப்ப பாகம் பிரிங்க. காலையில நர்ஸம்மாவும் அந்த ரூமும் எங்க பாகம், மத்தியானத்துக்கு மேல உங்க பாகம்" என்றேன். ஐயா நகைச்சுவையாகப் பேசுகிறார் என்று அவர் கைதட்டச் சொன்னார், யாரும் தட்டவில்லை. பின்வரிசையிலிருந்து உன் சித்தப்பாவின் குரல் வந்தது, "அண்ணன் சொல்றதுதான் சரி, பிரிச்சுட்டு எந்திரிங்க." எனக்கே தூக்கிவாரிப் போட்டது. ஊரே உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையாததால் பேராசிரியர் வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டார்.

இன்று காலையில் கதவு திறந்தது. நர்ஸம்மா அம்மாவின் காலில் சுற்றியிருந்த துணியைப் பிரித்துப் பார்த்தார். எப்போதும் திட்டுகிறவர் திட்டவில்லை, அதுதான் எனக்குப் பயமாகிவிட்டது. கறுத்துப்போச்சு, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க என்றார். நாளைக்கு உன் சித்தப்பா வண்டியில் போகிறோம். காலை எடுக்க வேண்டிவருமா என்று நாங்கள் யாரும் வாய்விட்டுக் கேட்டுக்கொள்ளவில்லை.

பேராசிரியர் இந்நேரம் உன்னைக் கூப்பிட்டுக் குறை சொல்லியிருப்பார். எனக்காக நீ மன்னிப்புக் கேட்டால் எனக்குக் கெட்ட கோபம் வரும். பேனரில் பங்காளி என்பதைக் கூட்டாளி என்று மாற்றப் போகிறார்களாம், மாற்ற விடாதே, கூட்டாளியிடம் பாகம் கேட்க முடியாது.

உடம்பைப் பார்த்துக்கொள், நீ நன்றாக இருக்க வேண்டும், எங்கள் இரண்டு பேருக்கும் அதுதான். ஒன்றை மட்டும் மறக்காதே. மாணவர்கள் எடுத்த படமெல்லாம் உங்கள் அலுவலகத்துக்குத்தான் வருகிறதாம், பெயர் போட மாட்டார்களாம், அது மரியாதையாம். தேடிப் பார். கட்டைவிரல் நகத்துக்குப் பக்கத்தில் இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்பு இருக்கும், சின்னப் பிள்ளையில் நீ குனிந்து உட்கார்ந்து ஊதிவிட்டாயே, அந்தக் கால்.

இப்படிக்கு,
உன் அப்பா