நீ அனுப்பிய ப்ளூபெர்ரிப் பொடி

அன்புள்ள குட்டிம்மாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லாரும் நலம் என்று எழுதியே கை பழகிவிட்டது, இந்தத் தடவை நான் நலம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பொடி நாலாவது டப்பாவும் வந்தது. அதிலுள்ள ஆன்டிஆக்ஸிடன்ட் புற்றுநோயை அண்டவிடாது என்று நீ சொன்னதிலிருந்து, தினமும் காலையில் பத்து கிராம் நிறுத்துத் தண்ணீரில் கரைத்து அம்மா பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் கடைக்குப் போவேன். முப்பது வருஷமாக ஊரார் தராசையெல்லாம் ரிப்பேர் பார்க்கிறவன் வீட்டில் அளவு தப்பலாமா. ஆனாலும் வாராவாரம் அவள் எடை இறங்கிக்கொண்டே போனது. உன் அப்பன் புத்தி தெரியும்தானே, மிஷின்தான் பொய் சொல்கிறது என்று மூன்று தடவை கழற்றிப்போட்டு எடைக்கல் வைத்துப் பார்த்தேன். மூன்று தடவையும் மிஷின் சரி. வேற ஒண்ணும் கிடைக்கலையா, வாங்க, என்னைக் கழட்டிப் பாருங்க என்று படுத்தபடியே சிரித்தாள்.

போன வாரம் பல்வலி. பல் டாக்டரம்மா என் வாயைப் பார்த்துவிட்டு, என்ன சார், இங்க் குடிச்சீங்களா, நாக்கெல்லாம் நீலமா இருக்கு என்று கேட்டாள். அப்போதுதான் உறைத்தது. நான் வேலை முடிந்து வந்ததும் அம்மா தினமும் திராட்சை ஜூஸ் என்று ஒரு டம்ளர் நீட்டுவாள், கீழ்வீட்டுக்காரி கொடுத்த பழம் என்பாள். நானும் குடித்துவிட்டுப் பிரமாதம் என்று பாராட்டு வேறு. வீட்டுக்கு வந்து சத்தம் போட்டேன். அவள் அசரவில்லை. அது வராம இருக்கத்தானே, எனக்குத்தான் வந்து உட்கார்ந்தாச்சே, எதுக்கு வீணாக்கணும், உங்களுக்காவது வராம இருக்கட்டும் என்றாள்.

பெரிய டாக்டரும் முன்பே அதைத்தான் சொல்லியிருந்தார், குட்டிம்மா. சோதனைக் குழாயில் ஏதோ நல்லது தெரிகிறதாம், மனிதருக்கு வராமல் தடுக்கும் என்று இன்னும் உறுதியாகச் சொல்ல முடியாதாம், வந்த பிறகு அது மருந்தே இல்லையாம், பிடித்தால் சாப்பிடட்டும் என்றார். ஈரல் வரை பரவிவிட்டது, இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் என்றும் சொன்னார். நானும் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். அவள் காதில் விழுந்தது, என் காதில் விழவில்லை. உனக்குப் போனில் பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டிருந்ததும் அந்தக் காதுதான்.

அதனால் ஐந்தாவது டப்பா அனுப்பாதே. லீவு கேள், கொடுக்காவிட்டாலும் கிளம்பி வா. வாரக் கணக்குதான் என்கிறார்கள். வந்ததும் இளைச்சுட்டியே என்று அழாதே, அவளுக்குப் பிடிக்காது. நீ தப்பாக எதுவும் செய்யவில்லை, அதையும் மனதில் வை.

இருவரும் நூறு வயது நன்றாக இருங்கள். பாஸ்போர்ட்டின் தேதியைப் பார்த்துக்கொள்.

இன்று சாயங்காலமும் டம்ளரை நீட்டினாள். திராட்சை என்றாள். குடித்துவிட்டுப் பிரமாதம் என்றேன்.

இப்படிக்கு,
நீல நாக்குடன்
உன் அப்பா