முறுக்காத நூல்

8-8-84, புதன்

காலையிலிருந்து தூறல். துவைத்த துணி ஒன்றும் காயவில்லை. பள்ளியில் அறிவியல் கண்காட்சி. ஆசிரியைகள் ஆளுக்கொரு செய்முறை தயார் செய்ய வேண்டுமாம். எனக்கு உடனே நினைவுக்கு வந்தது சரோஜா வீட்டு ராட்டை.

சேலம் அம்மாபேட்டை, ஒன்பதாம் வகுப்பு. நானும் சரோஜாவும் ஒரே பெஞ்சு. நூல் சுற்றும் ராட்டையை நிமிர்த்திக் கட்டி, சுழலும் கதிரின் முனையில் லாடக் காந்தம். காற்றுப் படாமலிருக்க மேலே கண்ணாடிச் சில்லு. அதற்கும் மேலே, நூலில் தொங்கும் தூக்குப்போசி மூடி. ராட்டையைச் சுற்றினால் மூடியும் சுற்றும். காந்தத்தில் ஒட்டாத மூடி! எத்தனை சாயங்காலங்கள். நூல் கஞ்சி வாசனை, அவள் சிரிப்பு. அப்படி ஒரு சந்தோஷம் அப்புறம் வரவேயில்லை.

9-8, வியாழன்

இவருடைய பட்டறைக் கை ட்ரில், ஸ்டூல் காலில் கட்டியாயிற்று. பள்ளிக் காந்தம். வீட்டுத் தூக்கு மூடி. சுற்றிச் சுற்றிக் கை வலித்ததுதான் மிச்சம். மூடி அசையவில்லை.

இவர்: "நூல முறுக்கி உட்டா தானாச் சுத்தும் கண்ணு."

அன்று எங்கள் பள்ளிக் கண்காட்சியில் பரிசுக்கு மார்க் போட வந்தவரும் இதையேதான் சொன்னார். "நெசவுக்காரங்க வீட்டுப் பொண்ணுக்கு நூல் முறுக்கத் தெரியாதா?" எல்லோரும் சிரித்தார்கள். நான் சரோஜா பக்கம் திரும்பி, "முறுக்கினியாடி?" என்று கேட்டேன். மறுநாள் வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள். அதோடு பேச்சு நின்றது.

ஒருவேளை முறுக்கித்தான் இருந்தாளோ?

10-8, வெள்ளி

மரமண்டை நான். இந்த வீட்டில் எல்லாம் எவர்சில்வர். அவளுடையது அலுமினியம். பக்கத்து வீட்டில் ஒன்று கேட்டு வாங்கினேன். சுற்றியது! அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

வகுப்பில் சொல்ல: காந்தம் சுழலும்போது அலுமினியத்துக்குள் மின்சாரம் வட்டமாக ஓடும். அது ஓடும்வரை மூடியும் ஒரு காந்தம்தான். கீழே சுழல்வது மேலே இருப்பதையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். எவர்சில்வரில் மின்சாரம் அவ்வளவு எளிதாக ஓடாது. இழுப்பு போதாது.

சந்தேகப்படுபவர்களுக்கு: ட்ரில்லை மாற்றிச் சுற்று. மூடி நின்று, எதிர்ப்பக்கம் திரும்பும். முறுக்கின நூல் அப்படித் திரும்பாது.

இவ்வளவுதான் விஷயம். அன்று தோன்றவில்லை. பதினோரு வருஷம். வெட்கமாக இருக்கிறது.

ஞாயிறு சேலம். பூ, பிஸ்கட், அலு. மூடி.

12-8, ஞாயிறு

நல்ல வெயில். நாமகிரிப்பேட்டையிலிருந்து நின்றபடியே பயணம். சரோஜா கல்யாணமாகியும் அதே தெருவில். கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறாள். உட்காரச் சொன்னாள். எல்லாவற்றையும் கொட்டினேன். "அன்னைக்கு மாத்திச் சுத்திக் காட்டியிருந்தாப் போதும்டி. நமக்குத்தான் தெரியல" என்றேன்.

காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னாள்:

"எனக்குத் தெரியும் புள்ள. மாத்திச் சுத்தலாம்னு கைப்பிடியப் புடிச்சேன். அப்பத்தான் நீ கேட்ட. கைய எடுத்துட்டேன்."