காது நீண்ட குதிரை

ஜூன் 3
தம்பியின் மிருகங்கள் இன்று நான் வேலை பார்க்கும் செடிக்கடையில் வந்து இறங்கின. கரடி, ஆந்தை, இரண்டு முயல், படுத்திருக்கும் ஒரு குதிரை. எல்லாம் மரம், மரம் அறுக்கும் மெஷினாலேயே செதுக்கியிருக்கிறான். வேலை பார்த்த தொழிற்சாலையை மூடியதிலிருந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவன், இந்த மெஷினைத் தொட்ட பிறகுதான் சாப்பாட்டில் உப்பு இல்லை என்று சண்டை போடும் அளவுக்குத் தேறினான். அதற்காகவே முதலாளியம்மாவிடம் மன்றாடித் தொட்டிகளுக்கு நடுவே இடம் வாங்கினேன். "மழை ஆரம்பிக்கிற வரைக்கும் வெச்சுப் பார்ப்போம்" என்றார்.

கரடி அருமை. குதிரைக்குத்தான் காது கொஞ்சம் நீளம். நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கே ஆச்சரியம்.

ஜூன் 5
ரோஜாச் செடி வாங்க வந்த கண்ணாடிக்காரர் கேட்டார்: "இந்தக் கழுதை என்ன விலைங்க?"
தம்பி பக்கத்தில்தான் நின்றான்.

ஜூன் 6
தம்பி மனைவி போன் செய்தாள். "மெஷினைத் துடைச்சுப் பரண்ல போட்டுட்டாரு அண்ணி. யாராவது ஒருத்தர் தானா குதிரைன்னு சொல்லட்டும், அப்புறம் எடுக்கறேங்கறாரு."
ரோஷத்துக்கு மட்டும் குறைச்சலில்லை. நான் சொல்லிப் பயனில்லை. என் பொய்யெல்லாம் அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே அத்துப்படி.

ஜூன் 14
கரடி விற்றுவிட்டது, ஆந்தையும். குதிரையைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிறார்கள். பொறுக்கவில்லை. நிழலில் இருக்கும் செடிப் பாத்திக்குள் அதைத் தள்ளி, பாதி வயிறு வரை மண் அணைத்தேன். பார்க்க நிம்மதியாகப் படுத்திருக்கிறது.

ஜூன் 30
வெயில். குழாயைப் பிடித்தால் என் கை வரிசையில் எதையும் விடாது. செடி, தொட்டி, குதிரை, எல்லாருக்கும் குளியல்தான். "அதுக்கும் தண்ணியா? காது இன்னும் வளந்துடப்போகுது" என்று பில் போடுகிறவர் கிண்டல் செய்தார். சிரித்துத் தொலைத்தேன்.

ஜூலை 19
குதிரையின் கழுத்தில் பச்சைப் பச்சையாகப் புள்ளிகள். பூஞ்சை என்று நினைத்தோம். குனிந்து பார்த்தால் துளிர்!

முதலாளியம்மாவுக்குக் கோபம். "காயாத மரத்துல செதுக்கியிருக்கான் உன் தம்பி. நீ அதை நட்டு வெச்சுத் தண்ணியும் ஊத்தியிருக்க. எடுத்துட்டுப் போகச் சொல்லு."

ஐயோ, திருப்பி அனுப்பினா அவன் அந்த மெஷினை இந்த ஜென்மத்துல தொடமாட்டானே. யாரு என்னை ஊத்தச் சொன்னா? கை சும்மா இருக்காதா?

ஜூலை 20
காலையில் போய் நின்றேன். "செடி விக்கிற கடைல துளிரைத் தூக்கி எறியலாமா? மழை வரைக்கும்னு நீங்கதானே சொன்னீங்க" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அப்படியென்றால் சரி என்று அர்த்தம்.

ஆகஸ்ட் 8
இன்றுதான் கவனித்தேன். உடம்பு முழுக்கப் பட்டையை உரித்தவன், பிடரிக்காகக் கழுத்தின் மேல் மட்டும் ஒரு கோடாக விட்டிருக்கிறான். துளிர் அந்தக் கோட்டில் மட்டும்தான் வருகிறது. அவனிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 21
விரல் நீளம்.

செப்டம்பர் 4
முதல் மழை. கூடவே கண்ணாடிக்காரரும் வந்தார், ரோஜாவுக்கு உரம் வாங்க. பாத்திப் பக்கம் நின்றுவிட்டார். பிடரி இலைகள் ஒரு பக்கமாகச் சரிந்து, அந்தக் காதுகளையே பாதி மறைத்திருந்தன.
"போன தடவை ஒரு கழுதை இருந்துச்சே, வித்துடுச்சா?" என்றார். "இந்தக் குதிரை பிரமாதம்."
"இருங்க, இருங்க" என்று தம்பிக்குப் போன் போட்டு அவர் கையில் கொடுத்தேன். "இப்பச் சொன்னதை அப்படியே இதுல சொல்லுங்க."
மனிதர் குழம்பிப்போனார். ஆனால் சொன்னார்.

செப்டம்பர் 5
கடை திறக்கப் போனால் எனக்கு முன்னால் தம்பி, கத்தரியோடு பிடரியைச் சீவிக்கொண்டிருக்கிறான். "நீ ஊத்தினது போதும்க்கா. இனிமே நான் பாத்துக்கறேன்."
விற்பனைக்கு இல்லை என்று முதலாளியம்மாவே அட்டை எழுதி வைத்துவிட்டார்.

செப்டம்பர் 9
தம்பி மனைவி போனில் பேசினாள். பின்னால் மெஷின் சத்தம். பாதிதான் கேட்டது. சாப்பாட்டில் உப்பு இல்லையாம்.